நம் மக்களும் தையற்கலையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். கல்வியைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். நான் எடுத்துக்கொண்ட பொருள் துணியும் தையலும் ஆகும். பள்ளித் தலைமையாசிரியருக்கும் கத்தரிக்கோலுக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். பிள்ளை பள்ளிக்கு வாராமைக்குக் காரணம் வறுமை என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். அவ்வறுமை பல வீடுகளில் மாற்றுச் சட்டை இல்லை என்னும் வடிவிலேயே இருந்தது. ஆதலின் நம் மக்களின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர், அவர்கள் உடுத்த துணியின் வரலாற்றையும் எழுதியே ஆகவேண்டும்.

ஊரும் உடையும்

பிரம்மதேசம் என்னும் ஊர்ப்பெயர், அந்தணர்க்குக் கொடையாக வழங்கப்பட்ட நிலத்தைக் குறிக்கும் பிரமதேயம் என்பதனோடு தொடர்புடையது. விழுப்புரம் பகுதியிலுள்ள எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்கள் உண்டு உறைந்து கற்ற கல்லூரி ஒன்று இருந்ததைக் கல்வெட்டுக் கூறுகிறது. அங்கு வேதமும் இலக்கணமும் கற்பிக்கப்பட்டன. அம்மாணவர்க்கு நெல் விளைவித்த உழைப்பாளியின் பிள்ளைக்கு அக்கல்லூரியில் இடமில்லை.

துணியின் கதையும் இதுபோன்றதே. பழைய தென்னாற்காடு மாவட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவுரிச் சாகுபடிக்குப் பெயர் பெற்றிருந்தது. அவுரியின் நீலச் சாயம் ஏற்றிய பருத்தித் துணிகள் புதுச்சேரியிலிருந்து கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் நாடுவரை சென்றன. நம் மக்களுள்ளும் நெசவைத் தொழிலாகக் கொண்ட கோலியர் என்னும் பிரிவினர் தஞ்சை, மதுரை மாவட்டங்களில் வாழ்ந்தனர். பயிரிடவும் நெய்யவும் தெரிந்த மக்கள், உடுத்துவதில் மட்டும் கடைசியில் நின்றனர்.

வறுமை ஒன்றே இதற்குக் காரணம் என்று கூறிவிடுதல் பொருந்தாது. காசு இருந்தாலும் உடுத்தக்கூடாது என்னும் தடையும் இருந்தது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடி, 1859-ஆம் ஆண்டு அரச அறிவிப்பைப் பெற்றனர். இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. ஆண்கள் முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ ஆடை அணியலாகாது. சட்டையும் பனியனும் போடலாகாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடலை மறைத்தலாகாது. குடையும் செருப்பும் கூடாது என்பன அவற்றுள் சில. இத்தடைகளை ஹட்டன் என்னும் ஆங்கில அதிகாரி தம் சாதி ஆராய்ச்சி நூலில் பதிவு செய்துள்ளார். சட்டை என்பது வெறுந்துணி அன்று, உரிமை என்பதை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்ட வேறு சான்று வேண்டுவதில்லை. 1927-இல் மகாடு மாநாட்டில் டாக்டர் அம்பேத்கர் பெண்களைத் தனியே விளித்துப் பேசுகையில், இழிவின் அடையாளமாக வழங்கிவந்த உடைமுறையைக் கைவிடுமாறு அறிவுறுத்தியதன் பொருளும் இதுவே.

இயந்திரமும் அளவுத்தாளும்

ஊசியும் நூலும் பழமையானவை. தையல் இயந்திரமோ அண்மைக் காலத்தது. அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-இலும் ஐசக் சிங்கர் 1851-இலும் உரிமம் பெற்றனர். 1856 முதல் சிங்கர் கம்பெனியார் தவணை முறையில் இயந்திரம் விற்கத் தொடங்கியமையால், கைப்பொருள் குறைந்தோர் வீட்டிலும் அது புகுந்தது. இயந்திரங்களைப் பொதுவாக ஐயுற்ற காந்தியடிகளும் 1924-இல் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்களித்தார். 1930-களில் கல்கத்தாவில் உஷா இயந்திரம் உருவாகி, நம் நாட்டுத் தயாரிப்பே கிடைக்கலாயிற்று.

இயந்திரத்தினும் குறைவாகப் பேசப்படும் பொருள் அளவுத்தாள். எபனேசர் பட்டரிக் என்னும் அமெரிக்கத் தையற்காரர் 1863-இல் வெவ்வேறு உடல் அளவுகளுக்கேற்பத் தாளில் வெட்டிய மாதிரிகளை விற்கத் தொடங்கினார். அதற்குமுன் ஒவ்வொருவரும் தாமே கணக்கிட்டு அளவைப் பெருக்கியும் குறைத்தும் வெட்ட வேண்டியிருந்தது. கணக்குத் தவறினால் துணி பாழாயிற்று. துணி பாழாகுமுன் தாளில் தவறு செய்துகொள்ளலாம் என்பதே இம்முறையின் பயன். தாளின் விலை எங்கே, துணியின் விலை எங்கே! கடையில் மாதிரி வாங்கும் வசதி நம் தெருக்களுக்கு என்றும் இருந்ததில்லை. எனினும் அதே கலையை நம் பெண்கள் பழைய செய்தித்தாளில் தாமே கண்டறிந்தனர். அதனை நான் என் வீட்டிலேயே கண்டேன்.

என் தாயார் கற்ற பாடம்

நான் ஏழாம் வகுப்புப் பயின்றது 1982-ஆம் ஆண்டு. எங்கள் வீட்டில் ஆண்மக்கள் மூவர். ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடைக் கூலி கைக்கு வந்தபின், தாயார் திண்டிவனம் சென்று துணி எடுத்து வருவார். ஊர்த்தெருவில் தையற்காரர் ஒருவர் இருந்தார். அவர் எங்கள் உடம்பில் அளவு நாடாவை வைக்கமாட்டார். துணியைத் திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டு நாங்கள் எட்டி நிற்கவேண்டும். அவர் கண்ணால் பார்த்தே குறித்துக்கொள்வார். கண்ணளவில் வெட்டிய சட்டை ஒருவனுக்கு அக்குளில் பிடிக்கும். மற்றொருவனுக்குத் தோள் வழியும். மீதித் துணி திரும்பி வாராது. மீதி எங்கே என்று தாயார் ஒருமுறை கேட்டதற்கு விடையும் வரவில்லை. கூலி மட்டும் குறையாமல் கொடுத்தோம். தீண்டாமையால் மானம் போவதை யாவரும் அறிவர். துணியும் போயிற்று என்பதை அறிந்தவர் சிலரே.

அடுத்த ஆண்டு தாயார் அத்திண்ணைக்குப் போகவில்லை. எங்கள் தெருவில் புதுச்சேரிப் பக்கம் வாழ்ந்து திரும்பிய அத்தை ஒருவரிடம் கையால் சுற்றும் பழைய இயந்திரம் ஒன்று இருந்தது. இருவரும் சேர்ந்து, எனக்குச் சரியாக இருந்த கிழிந்த சட்டை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்தனர். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று, கை இரண்டு, கழுத்துப்பட்டை என்று துண்டுகளை நீவி விரித்துச் செய்தித்தாளின்மேல் வைத்துக் கரித்துண்டால் சுற்றிலும் கோடு வரைந்தனர். தையலுக்கு அரை அங்குலமும், அடிமடிப்புக்கு இரண்டு அங்குலமும் கூட்டிக்கொண்டனர். தம்பியர்க்கும் அவ்வாறே. மூன்று அளவுத்தாள்களும் வீட்டுப் பரணில் சுருட்டி வைக்கப்பட்டுப் பல ஆண்டுகள் பயன்பட்டன.

சிக்கனத்தின் நுட்பம் வெட்டுவதில் அன்று, அடுக்குவதிலேயே உள்ளது. 36 அங்குல அகலத் துணியில் ஒரு சட்டைக்குப் பின்பக்கத்தை வைத்தால் ஓரத்தில் ஏறத்தாழ 16 அங்குலம் மிஞ்சும். ஒரு சட்டை மட்டும் வெட்டினால் அதன் கைகளுக்குப்போக எஞ்சியது வீணே. மூவருக்கும் ஒரே துணியில் வெட்டினாலோ, பெரியவன் பின்பக்கத்தருகே சிறியவன் முன்பக்கம் இடம்பெறும். அக்குள் வளைவின் வெற்றிடத்தில் பையும் பட்டையும் அமையும். தனித்தனியே எடுத்தால் மூன்றரை மீட்டர் தேவைப்பட்ட துணி, சேர்த்து வெட்டியபோது மூன்று மீட்டரில் அடங்கிற்று. மிச்சமான அரை மீட்டரின் விலையில் எனக்குக் குறிப்பேடுகள் வந்தன. கணக்குப் பாடத்தில் பரப்பளவு என்பதை நான் முதன்முதலாக உணர்ந்தது வகுப்பறையில் அன்று. எங்கள் வீட்டு மண்தரையில் விரித்த அத்துணியின்மீதே.

பிறகு அத்தையின் இயந்திரத்தைத் தெருவே நாடியது. நெல்லும் கேழ்வரகும் கூலியாயின. ரவிக்கைக்கு ஒரு மீட்டர் கேட்ட இடத்தில் 80 சென்டிமீட்டர் போதும் என்று அவர் சொல்லுவார். பழைய வேட்டியின் தேயாத கரைப்பகுதி குழந்தைச் சட்டையாகும். புடைவையின் தேயாத பகுதி பாவாடையாகும். எல்லாவற்றினும் மேலாக, அவர் எங்கள் உடம்பைத் தொட்டு அளந்தார்.

அரசும் உடையும்

இனி, பொதுவரலாற்றுக்குத் திரும்புவோம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் துணிப்பஞ்சம் ஏற்பட்டு, 1943-இல் அரசு துணிக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. விடுதலைக்குப்பின் மலிவு விலைத் துணி கொடுக்கும் திட்டங்கள் பல வந்தன. 1976-இல் தொடங்கிய சனதா கைத்தறித் துணித் திட்டம் ஏழைக்குத் துணியும் நெசவாளிக்கு வேலையும் தருவதாக அமைந்தது. காமராசர் ஆட்சிக் காலத்தில் மதிய உணவுடன் பள்ளிச் சீருடையும் ஊர்மக்கள் நன்கொடையால் பரவியது. உடையில் ஏற்றத்தாழ்வு தெரியலாகாது என்பதே சீருடையின் நோக்கம். ஆயினும் வாங்க இயலாத பிள்ளைக்கு அச்சீருடையே வேலியாயிற்று.

1982-இல் சத்துணவுத் திட்டமும், 1985-இல் சத்துணவு உண்ணும் பிள்ளைகட்கு விலையில்லாச் சீருடையும் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தன. முன்பெல்லாம் இருந்த ஒரே சட்டையை இரவில் துவைத்து, ஈரத்தோடு அணிந்து பள்ளிக்கு ஓடிய எங்கள் வீட்டில், தம்பி புதுச் சீருடையைத் தலையணைக்கடியில் வைத்து உறங்கியது நினைவில் நிற்கிறது. 2012-13 கல்வியாண்டு முதல் ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடைகள் வழங்கப்பட்டன. இவற்றைத் தைப்பவர்கள் மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்களான ஏழைப் பெண்களே. ஒரு திட்டத்தால் பிள்ளைக்கு உடையும் தாய்க்குக் கூலியும் கிடைத்தன.

நம் இனத்து மூத்த தலைவர்களுள் ஒருவரும், தமிழக அமைச்சராகவும் மத்திய அமைச்சராகவும் பணியாற்றியவருமான சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் நடைபெற்று வருகிறது. கைம்பெண்டிர், கணவரால் கைவிடப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் முதலியோர் அதனால் பயன்பெறுகின்றனர். 1974-இல் நிறுவப்பெற்ற தாட்கோ நிறுவனமும் தொழிற்பயிற்சிக்கு உதவுகிறது. எனினும் இயந்திரம் பெறுவதற்குத் தையல் தெரிந்திருக்கவேண்டும். அதைக் கற்பிப்பது நம் போன்ற சங்கங்களின் கடமை.

செய்யத்தக்கன

விழா மலர் வாழ்த்தோடு முடிந்துவிடலாகாது. ஆதலின் பெரும்பொருள் வேண்டாத சில கருத்துக்களைச் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளின் உடலளவுக்கேற்பத் தடித்த பழுப்புத் தாளில் அளவுத்தாள்கள் வெட்டிச் சங்கக் கட்டடத்தில் வைக்கலாம். நூலகத்தில் நூல் இரவல் தருவதுபோல் இவற்றையும் இரவல் தரலாம்.

இரண்டாவது, தெருவில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே துணியை மொத்தமாக எடுத்து, எல்லா அளவுகளையும் கலந்து அடுக்கி வெட்டினால் துணி மிஞ்சும். கட்டம் போட்ட துணிக்கும், பூக்கள் ஒரே திசை நோக்கிய துணிக்கும் இம்முறை அவ்வளவாகப் பயன்படாது. ஒருநிறத் துணியே சிக்கனத்துக்கு ஏற்றது.

மூன்றாவது, பருத்தித் துணியை வெட்டுமுன் ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்துதல் வேண்டும். தைத்தபின் சுருங்கிய சட்டை இருமுறைச் செலவு. வளரும் பிள்ளைக்கு அடியிலும் கையிலும் மடிப்பு மிகுதியாக விட்டுத் தைத்தால், அடுத்த ஆண்டு பிரித்துவிட்டு அணியலாம்.

நான்காவது, விலையில்லாச் சீருடை அளவு பொருந்தாதபோது பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல், பள்ளி முடிந்தபின் சங்கத்து இயந்திரத்தில் திருத்தித் தர ஏற்பாடு செய்யலாம். அரைமணி நேர வேலையால் ஒரு பிள்ளையின் கூச்சம் நீங்கும். கூச்சம் நீங்கிய பிள்ளை வகுப்பில் முன்வரிசையில் அமர்வதை நான் பன்முறை கண்டுள்ளேன்.

சிக்கனம் வேறு, இல்லாமை வேறு. இல்லாமை பிறர் நம்மீது சுமத்தியது. சிக்கனம் நம் தாய்மார் தம் அறிவால் கண்டது. முன்னதை ஒழிப்பதும் பின்னதைப் போற்றுவதும் நம் கடன். அளவு நாடா எட்டாத தூரத்தில் நிறுத்தப்பட்ட பிள்ளைகளுள் ஒருவன் இன்று தலைமையாசிரியனாக இக்கட்டுரையை எழுதுகிறான் என்றால், அதற்குக் காரணம் பள்ளியும் செய்தித்தாளில் வெட்டிய அந்த மூன்று அளவுத்தாள்களும் ஆகும். நம் சங்கம் பொன்விழாக் காணும் நாளில், நம் தெருப் பிள்ளை எவனும் சட்டையின்மையால் பள்ளிக்கு வாராதிருந்தான் என்னும் சொல் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதொழிக.

வாழ்க நம் சங்கம்! வளர்க அதன் கல்விப்பணி!