எந்தக் கல்லில் உரைத்தது?

திருமுதுகுன்றத்தில் சுந்தரர் பன்னிரண்டாயிரம் பொன் பெற்ற கதை விருத்தாசலத்துக்காரர் எவருக்கும் புதிதன்று. மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று இறைவன் பணித்ததையும் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கதையின் பிற்பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. பொன்னை ஆற்றில் இடுமுன் சுந்தரர் அதில் ஒரு துணுக்கை வெட்டி மச்சமாக வைத்துக்கொண்டார். திருவாரூரில் கிடைத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்று குறைந்திருந்தது. மீண்டும் பாடிய பின்னரே ஒத்துவந்தது. சேக்கிழார் இதை விடாமல் பதிவு செய்திருக்கிறார். கமலாலயக் கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் என்றே ஒரு பிள்ளையார் இருக்கிறார். இறைவன் தந்த பொன்னையும் உரைத்துப் பார்த்தே வாங்கிய மரபு நம்முடையது.

இந்தக் கதை நினைவுக்கு வரக் காரணம் நம் பழைய மாணவர் ஒருவர். பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் சிறு பட்டறை வைத்து அகல் விளக்கும் பொம்மையும் செய்கிறார். கார்த்திகைக்குள் புதிய சூளை போட வேண்டும் என்று கடனுக்கு விண்ணப்பித்தார். அவருடைய கைபேசிச் செயலி 768 என்று மதிப்பெண் காட்டியது. கடன் தரவேண்டியவர்கள் தம் திரையில் பார்த்தது 702. விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. "ஐயா, ஆள் ஒருத்தன்தானே, மார்க் மட்டும் எப்படி ரெண்டு?" என்று கேட்டார். தம்மை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றே அவர் நம்பியிருந்தார்.

கேள்வி பழையது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த பொன்னும் அணிகலனும் பட்டியலிடப்படும்போது, நிறை மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. பொன் 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது, மணிகள் 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டன என்று கல்லின் பெயரும் சேர்த்தே வெட்டப்பட்டிருக்கும். எண்ணுக்குத் தனியே பொருள் கிடையாது, எந்தக் கல் என்பதும் தெரிந்தாக வேண்டும் என்பதை அந்தக் கணக்கர்கள் அறிந்திருந்தார்கள். இன்று மதிப்பெண்ணைக் கேட்போரும் சொல்வோரும் பெரும்பாலும் கல்லின் பெயரை விட்டுவிடுகிறோம்.

இடைக்காலத்தில் மனிதரை எடைபோட்டது ஊர்தான். சென்னை மாகாண அரசின் பணிப்பில் ஃபிரடெரிக் நிக்கல்சன் ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895இலும் 1897இலும் அளித்த அறிக்கையின் சாரம் இதுவே: அடமானம் இல்லாத விவசாயிக்கும் அண்டை வீட்டாரின் அறிவே பிணையாகலாம். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் சங்கம் தோன்றியது. கிராமச் சங்கங்களில் பொறுப்பு வரையறையற்றது. ஒருவர் தவறினால் மற்றவர் கையைக் கடிக்கும். ஆகவே யாருக்குக் குடிப்பழக்கம், யாருக்கு வயிற்றுப்பாட்டுக்கே போதாது என்று உறுப்பினர் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. சாதியும் பகையும் அந்த அறிவுக்குள் நுழைந்திருக்காது என்று நாம் நம்பத் தயாரில்லை. ஆனால் அங்கே எடைபோட்டவனின் முகமாவது தெரிந்தது.

முகமற்ற எடைக்கல் வந்தது 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில், சிபில் நிறுவனம் தொடங்கப்பட்டபோது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005இல் நிறைவேறியது. மதிப்பெண் 2007இல் வங்கிகளுக்குக் கிடைத்தது. அதற்கு உரியவரான தனிமனிதர் தம் மதிப்பெண்ணைப் பார்க்க 2011 வரை காத்திருக்க நேர்ந்தது. இதற்கிடையே 2010இல் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், ஹைமார்க் ஆகியவையும் உரிமம் பெற்றன. ஆக நான்கு கற்கள். நான்கும் 300 முதல் 900 வரை என்ற ஒரே அளவுகோலைக் காட்டுவதுதான் குழப்பத்தின் வேர். வேறுவேறு அளவுகோலாக இருந்திருந்தால் நாம் ஒப்பிட்டிருக்கவே மாட்டோம்.

ஏன் மாறுகிறது? நான்கு நிறுவனங்களும் தத்தம் கணக்கு முறையை வைத்திருக்கின்றன. தவணை தவறியதற்கு ஒன்று கூடுதல் கனம் தரும். அண்மையில் பல இடங்களில் கடன் கேட்டதற்கு இன்னொன்று தரும். தரவும் ஒன்றுபோல் இருப்பதில்லை. எல்லாக் கடன் நிறுவனங்களும் நான்கிலும் உறுப்பினராக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்ததே 2015 ஜனவரியில்தான். அதற்கு முந்தைய கடன் ஒரு புத்தகத்தில் இருக்கும், இன்னொன்றில் இல்லாமலும் போகும். தகவல் மாதம் ஒருமுறை சென்றுகொண்டிருந்தது; 2025 ஜனவரி முதல்தான் அந்த இடைவெளி இரு வாரமாகச் சுருக்கப்பட்டது. நேற்று அடைத்த நகைக்கடன் இன்று ஓரிடத்தில் தீர்ந்தும் மற்றோரிடத்தில் உயிரோடும் இருப்பது இதனால்தான். மாணவரிடம் இதைச் சொன்னபோது, "மேல்தட்டில் வைத்த கூம்பு வளைந்திருக்கும், அடித்தட்டில் வைத்தது நிமிர்ந்தே நிற்கும், சூளை ஒன்றுதான்" என்றார். நாம் பாடம் நடத்த அவசியமிருக்கவில்லை.

கடன் தருவோர் எதைப் பார்க்கிறார்கள்? சட்டம் எதையும் குறிப்பிட்டு விதிக்கவில்லை. வங்கிகள் நெடுங்காலப் பழக்கத்தால் சிபிலையே மிகுதியும் நாடுகின்றன. மக்கள் நாவில் 'சிபில்' என்பதே மதிப்பெண்ணுக்குப் பொதுப்பெயர் ஆகிவிட்டது. 2010இல் ஆந்திரத்தில் நுண்கடன் நெருக்கடி வெடித்த பிறகு, குழுக்கடன் தருவோர் ஹைமார்க்கையும் ஈக்விஃபாக்ஸையும் சார்ந்தார்கள். பெரிய கடன்களுக்கு இரண்டைக் கேட்டு ஒப்பிடுவோரும் உண்டு. இவற்றுக்கு மேல் ஒவ்வொரு வங்கியும் வருமானம், தொழில் ஆகியவற்றைச் சேர்த்துத் தனக்கென ஒரு கணக்கும் போடும். அது விண்ணப்பதாரர் கண்ணில் படுவதேயில்லை. கைபேசிச் செயலி இலவசமாகக் காட்டும் எண் அந்தச் செயலி ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனத்தின் எண். கடன் தருபவர் பார்ப்பதும் அதுவேதான் என்று எண்ண எந்த நியாயமும் இல்லை.

எங்கும் கடன்படாமல் வாழ்ந்தவருக்குச் சிபில் பதிவில் −1 என்று விழும் என்பதை அறிந்தபோது நாம் சற்று நேரம் பேசாதிருந்தோம். கடனின்றி வாழ்வதைப் பெருமையாகச் சொல்லி வளர்த்த சமூகம் இது. வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதன்முறை கேட்பவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதை 2025 ஆகஸ்டில் மக்களவையிலும் அரசு தெரிவித்தது. கிளைகளின் மேசை வரை அது வந்து சேர்ந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி.

மாணவரிடம் நான்கு நிறுவனங்களிலிருந்தும் அறிக்கை வாங்கச் சொன்னோம். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் இலவசமாகத் தர வேண்டும். தாமே கேட்டுப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. மூன்றில் முடிந்துபோயிருந்த நகைக்கடன் ஒன்றில் மட்டும் நிலுவையாக நின்றது. மச்சம் அவரிடம் இருந்தது: கடன் தீர்ந்த ரசீது. அதை வைத்து எழுதிப் போட்டிருக்கிறார். முப்பது நாளுக்குள் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதி. இன்று பதினேழாம் நாள். பழைய சூளையிலேயே முதல் சுற்று விளக்கை ஏற்றிவிட்டதாக நேற்று மாலை சொன்னார்.