அச்சுக்கோப்பும் கட்டற்ற இயங்குதளமும்: க்னூ திட்டம் டெக்கைத் தேர்ந்தெடுத்த வரலாறு

இயங்குதளங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கருநிரலைப் பற்றியும் தொகுப்பியைப் பற்றியும் விரிவாகப் பேசுவர். அச்சுக்கோப்பு மென்பொருளை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுவர். ஆனால் யுனிக்ஸ் வளர்ந்ததே அச்சுக்கோப்பின் நிழலில்தான். 1969இல் மல்டிக்ஸ் திட்டத்திலிருந்து விலகிய பெல் ஆய்வகம், இன்னோர் இயங்குதளத்துக்குப் பணம் ஒதுக்க விரும்பவில்லை. எனவே ஆய்வாளர்கள் ஆவணம் தயாரிக்கும் அமைப்பு ஒன்றை உருவாக்குவதாகக் கூறியே பிடிபி-11 கணினியைப் பெற்றனர். 1971இல் அந்த ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவுத் தட்டச்சர்கள் யுனிக்ஸின் தொடக்ககாலப் பயனர்களாயினர்.

அங்கிருந்து பிறந்ததே ஜோ ஒசன்னா 1973 அளவில் எழுதிய டீராஃப். அது ஒளியச்சுக்கோப்பு இயந்திரம் ஒன்றை இயக்குவதற்கென உருவானது. 1977இல் ஒசன்னா மறைந்தபின், பிரையன் கெர்னிகன் அதனை எந்த இயந்திரத்துக்கும் பொருந்துமாறு திருத்தி எழுதினார். யுனிக்ஸின் கையேடுகள் யாவும் இந்த மரபிலேயே எழுதப்பட்டன. எனினும் அதன் மூலநிரல் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் உடைமை. புதிய டீராஃபுக்குத் தனி உரிமம் பெறவேண்டிய நிலையும் ஏற்பட்டது.

1983 செப்டம்பர் 27 அன்று ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தபோது, யுனிக்ஸுடன் ஒத்திசையும், ஆனால் யுனிக்ஸின் நிரல் ஒரு வரியும் இல்லாத, முற்றிலும் கட்டற்ற இயங்குதளமே இலக்காயிருந்தது. ஆகவே டீராஃபை எடுத்தாள வழியில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரையன் ரீட் உருவாக்கிய ஸ்கிரைப் இன்னொரு சிறந்த மென்பொருள். ஆயினும் அது வணிக நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. பணம் செலுத்தாதோரின் படிகள் குறிப்பிட்ட நாட்களுக்குப் பின் இயங்காதிருக்கும்படி அதனுள் கட்டுப்பாடும் வைக்கப்பட்டது. பல்கலைக்கழக ஆய்வில் விளைந்த ஒன்று இவ்வாறு பூட்டப்பட்டதை ஸ்டால்மன் பெரும் அறப்பிழையாகவே கருதினார். எனவே தேர்வு தொழில்நுட்பத் தரத்தை மட்டும் பொறுத்ததாக இருக்கவில்லை. மூலநிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் இயலுமா என்பதே முதற்கேள்வியாயிற்று.

அக்கேள்விக்கு விடையாக ஏற்கெனவே இருந்தது டொனால்ட் கனூத்தின் டெக். தம் நூலொன்றின் இரண்டாம் பதிப்புக்கு வந்த அச்சுப்படிகளின் தரம் கண்டு மனம் நொந்த அவர், 1977இல் தாமே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதத் தொடங்கினார். விரைவில் முடியும் என எண்ணிய பணி ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கியது. 1982இல் முழுமையாக மாற்றி எழுதப்பட்ட டெக் பல்வேறு கணினிகளிலும் இயங்கத்தக்கதாயிற்று. 1986இல் அதன் மூலநிரல் முழுவதும் விளக்கங்களுடன் ஒரு நூலாகவே அச்சாயிற்று. கனூத் விதித்த முதன்மையான வரம்பு பெயரைப் பற்றியது: மாற்றி அமைத்த நிரலை டெக் என அழைக்கலாகாது. பெயரை மட்டும் காக்கும் இவ்வரம்பு பயனரின் சுதந்திரத்தைப் பறிப்பதன்று என்பதே க்னூவின் நிலைப்பாடு.

முழு இயங்குதளத்தையும் புதிதாக எழுதுவது பெரும்பணி. கிடைக்கும் கட்டற்ற பகுதிகளைச் சேர்த்துக்கொள்வதே அறிவுடைமை. இக்கொள்கையின்படி தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளப்பட்டது டெக். சில ஆண்டுகள் கழித்து எக்ஸ் சாளர அமைப்பும் அவ்வாறே ஏற்கப்பட்டது. 1985இல் வெளிவந்த க்னூ அறிக்கையும் டெக்கையே அச்சுக்கோப்புக் கருவியாகக் குறிப்பிடுகிறது. அத்துடன் டீராஃபின் உடன்பிறப்பான என்ராஃப் ஒன்று உருவாகி வருவதாகவும் கூறுகிறது. இரண்டையும் சேர்த்துச் சொன்னது கவனத்துக்குரியது. யுனிக்ஸ் உலகில் குவிந்திருந்த கையேட்டுப் பக்கங்களை டெக்கால் படிக்க இயலாது. ஒத்திசைவு வேண்டுமெனில் பழைய மரபையும் கைவிட முடியாது.

கட்டற்ற மென்பொருளுக்குக் கட்டற்ற கையேடும் வேண்டும். எம்ஐடியில் 1984 அளவில் டெக்கின் மீது அமைந்த போடெக் என்னும் வடிவம் அச்சுக்கு மட்டுமே பயன்பட்டது. அதனையும் திரையில் படிப்பதற்கான இன்ஃபோ வடிவத்தையும் இணைத்து ஸ்டால்மன் டெக்ஸின்ஃபோவை உருவாக்கினார். ஒரே மூல ஆவணத்திலிருந்து அச்சு நூலும் திரை நூலும் பிறந்தன. அதன் கட்டளைகள் ஸ்கிரைபைப் போலவே @ குறியில் தொடங்குவது வரலாற்றின் விந்தை: பூட்டப்பட்ட மென்பொருளின் எழுத்துமுறை கட்டற்ற மென்பொருளில் வாழ்வு பெற்றது.

டீராஃபுக்கு மாற்றாக ஜேம்ஸ் கிளார்க் எழுதிய ஜீராஃப் 1990இல் வெளிவந்தது. இதனால் க்னூவில் இரு மரபுகள் நிலைத்தன. விரிவான கையேடுகள் இன்ஃபோவிலும், சுருக்கமான உதவிக் குறிப்புகள் கையேட்டுப் பக்கங்களிலும் எழுதப்பட்டன. பயனர்களோ பழகிய கையேட்டுப் பக்கங்களையே நாடினர். இன்ஃபோ பரவலாகப் படிக்கப்படவில்லை. உரிம அடிப்படையில் சரியான தேர்வும் பயனரின் பழக்கத்தை எளிதில் வெல்வதில்லை என்பதற்கு இது சான்று.

தேர்வு ஒருமுறை செய்து முடிப்பதன்று. லினக்ஸ் வழங்கல்கள் சார்ந்திருந்த டெடெக் என்னும் தொகுப்பைத் தனியொருவராகப் பேணிவந்த தாமஸ் எஸ்ஸர் 2006இல் அப்பணியை நிறுத்தினார். பயனர் குழுக்கள் கூட்டாகப் பேணிவந்த டெக் லைவ் அந்த இடத்தை நிரப்பியது. ஓப்பன்பிஎஸ்டி 2010இல் ஜீராஃபை விலக்கிச் சிறிய கருவியான மேண்டாக்கை ஏற்றது.

இந்தியாவில் இவ்வரலாற்றின் தடம் திருவனந்தபுரத்தில் தெளிவாகத் தெரிகிறது. 1998இல் இந்திய டெக் பயனர் குழு உருவாயிற்று. 2001இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அந்நகரில் தொடங்கிவைக்கப்பட்டது. 2002இல் பன்னாட்டு டெக் பயனர் குழுவின் ஆண்டு மாநாடும் அங்கேயே நடைபெற்றது. இந்திய எழுத்துகளின் தேவையை டெக் தன் பிறப்பில் அறிந்ததில்லை. தேவநாகரிக்காக 1991இல் ஃபிரான்ஸ் வெல்துயிஸ் முன்செயலி ஒன்றை எழுத வேண்டியிருந்தது. ஒருங்குறியை நேரடியாக ஏற்கும் சீடெக் 2004இல் மேக் கணினிகளுக்கும் 2006இல் லினக்ஸுக்கும் வந்தபின்பே அந்த இடர் பெருமளவு நீங்கியது.

வெல்துயிஸும் சீடெக்கை எழுதியவரும் எவரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்கவில்லை. மூலநிரல் திறந்திருந்தது, வேலையைத் தொடங்கினர். 1983இல் எழுந்த முதற்கேள்வியின் பயன், அக்கேள்வியை எழுப்பியோர் எண்ணிப் பாராத எழுத்துகளுக்கும் இவ்வாறு வந்து சேர்ந்தது.