குழுப் பயிற்சிக்குள் விளையாட்டு வந்த கதை

மலருக்கு நம் வரலாற்றை எழுதணும்னு கூட்டத்தில் பேச்சு வந்தபோது, சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு எல்லாத்தையும் ஊக்குநர்கள் எடுத்துக்கிட்டாங்க. பத்தாவது வரை படித்த நான் யாரும் எடுக்காத ஒன்றைக் கேட்டு வாங்கினேன். பயிற்சியில் நம்மை விளையாட வைத்தார்களே, அந்த விளையாட்டுகளின் கதை.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் தொடங்கியது. சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் நம்ம தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் ஆரம்பமாயின. அப்போ கிருஷ்ணகிரியும் நம்ம மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அப்புறம் சேலம், தென்னாற்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று பரவி, 1997-98-ல் மகளிர் திட்டம் ஆனது. இதெல்லாம் எல்லா மலரிலும் வருவதுதான்.

என் மாமியார் தொண்ணூறுகளில் குழுவில் சேர்ந்தவங்க. அவங்க குழுவில் பாதிப் பேருக்கு மேல் கைநாட்டு. பயிற்சிக்கு வந்தவங்க கரும்பலகையில் எழுதினா யாருக்குப் புரியும்? அதனால் ஒரு நூல் பந்தை எடுத்து வட்டமா உட்கார வெச்சாங்களாம். பந்து கைக்கு வந்தவங்க தன் பேரைச் சொல்லி, நூலைப் பிடிச்சுக்கிட்டு, பந்தை எதிரில் இருக்கிறவங்களுக்கு வீசணும். முடிவில் நடுவில் வலை மாதிரி ஆயிடும். அப்புறம் ஒருத்தரை மட்டும் நூலை விடச் சொன்னாங்க. வலை அந்தப் பக்கம் தொய்ஞ்சு போச்சு. "ஒரு வாரம் ஒருத்தி சந்தா கட்டலைன்னா என்ன ஆகும்னு அன்னைக்கே வெளங்கிடுச்சு"ன்னு அத்தை இன்னும் சொல்வாங்க. வீட்டு ஆம்பளைங்க மட்டும், "இந்த வயசில் விளையாடவா போறீங்க?"ன்னு கேலி பண்ணினாங்களாம்.

கூடி விளையாடுவது நமக்குப் புதுசு இல்லை. பல்லாங்குழியில் ஒருத்தி ஜெயிச்சா ஒருத்தி தோற்பாள். ஆனால் பின்னல் கோலாட்டம் அப்படியா? மேலே கட்டின கயிற்றை ஆளுக்கொன்றாகப் பிடித்து ஆடி ஆடியே பின்னணும், திரும்ப ஆடியே பிரிக்கணும். ஒருத்தி அடி தப்பினாலும் எல்லார் கயிறும் சிக்கிக்கும். குழு விளையாட்டுக்கும் கணக்கு அதேதான். ஜெயித்தால் எல்லோரும், இல்லாவிட்டால் யாரும் இல்லை.

தொழில் பயிற்சியில் வளையம் எறிய வைப்பாங்களே, அதன் கதை வேறு. டேவிட் மெக்லேலண்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஆந்திராவில் காக்கிநாடா வியாபாரிகளுக்கு 1964 வாக்கில் ஐதராபாத்தில் பயிற்சி கொடுத்தார். தொழில் பயிற்சிகளில் இந்த மாதிரி விளையாட்டுகள் பரவ அவருடைய வேலை ஒரு முக்கியக் காரணம். எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்று எறிகிறவரே முடிவு பண்ணணும். ரொம்பக் கிட்ட நிற்கிறவர் துணிச்சல் இல்லாதவர், ரொம்பத் தள்ளி நிற்கிறவர் அதிர்ஷ்டத்தை நம்புகிறவர். கடை வைக்கப் போகிறவளுக்கு நல்ல விளையாட்டுதான். ஆனால் அது தனி ஆளுக்கு. குழுவுக்கு அது பத்தாது என்பது என் எண்ணம்.

குழுவுக்கு ஏற்றது உடைந்த சதுரம்தான். அலெக்ஸ் பவெலாஸ் என்ற ஆராய்ச்சியாளர் இதை 'ஐந்து சதுரங்கள்' என்று 1973-ல் எழுதி அச்சில் கொண்டுவந்தார். ஐந்து பேர், ஐந்து உறை. உறைக்குள் அட்டைத் துண்டுகள் கலந்து கிடக்கும். ஒவ்வொருத்தர் முன்னாலும் ஒரே அளவில் ஒரு சதுரம் வரணும். பேசக்கூடாது, சைகை கூடாது, அடுத்தவர் துண்டைக் கேட்கவும் கூடாது. கொடுக்க மட்டும் செய்யலாம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒருத்தர் தப்பான துண்டுகளை வைத்தும் தன் சதுரத்தை முடித்துவிடலாம். அவருக்கு முடிஞ்சிரும், மத்தவங்களுக்கு எத்தனை தரம் மாத்தினாலும் முடியாது.

எங்க குழுவில் அப்போது ஒரு பிரச்சினை இருந்தது. வங்கிக் கடன் வந்ததும் முதலில் வாங்கின சிலர் தவணையைச் சரியாகக் கட்டிவிட்டு, "எங்க வேலை முடிஞ்சது"ன்னு கூட்டத்துக்கு வருவதை நிறுத்திட்டாங்க. பின்னால் வாங்கினவங்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் பேச ஆள் இல்லை. குழு கலையும் நிலை. அந்த மாதப் பயிற்சியில்தான் இந்த விளையாட்டு நடந்தது. நான் மூன்றாவது உறை. எங்களில் மூத்த ஒரு அக்கா இரண்டு நிமிஷத்தில் சதுரத்தை முடிச்சுட்டு கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தாங்க. நாங்க நாலு பேரும் துண்டை மாத்தி மாத்தி வெச்சுப் பார்க்கிறோம், ஒன்றும் சேரலை. சுத்தி நின்னவங்களுக்குச் சிரிப்பு. ரொம்ப நேரம் கழிச்சு அக்கா எங்க துண்டுகளையும் தன்னுடையதையும் பார்த்தாங்க. ஒன்றும் சொல்லாமல் தன் சதுரத்தைக் கலைச்சு ஒரு துண்டை என் பக்கம் தள்ளினாங்க. அதுக்கப்புறம் ஐந்தும் முடிய அதிக நேரம் ஆகலை.

அடுத்த வாரக் கூட்டத்துக்கு அந்த அக்கா வந்தாங்க. கடன் முடித்தவர்களும் எல்லாக் கூட்டத்துக்கும் வரணும்னு தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். முன்மொழிந்தது அவங்கதான். ஒரு ஆள் மட்டும் கடைசி வரை வரலை, விலகிட்டாங்க. அதையும் சொல்லத்தான் வேணும்.

பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் 1980-களில் மைராடா நிறுவனம் அமைத்த பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் சில உடைந்தபோது, ஒருவரையொருவர் நம்பினவங்க சின்னக் குழுக்களாகச் சேர்ந்தாங்க. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களோடு வங்கி இணைப்பைத் தொடங்கினதுக்கும் அந்த மாதிரி அனுபவம்தான் அடிப்படை. முதலில் நம்பிக்கை, அப்புறம்தான் பணம். இப்போ வீடு தேடி வந்து கடன் கொடுக்கிறவங்க பத்துப் பேர் பேரை எழுதி, போட்டோ எடுத்து, 'குழு' என்கிறாங்க. அந்தப் பத்துப் பேரும் ஒரு நாள்கூட வட்டமாக உட்கார்ந்தது இல்லை. நம்ம பயிற்சியிலும் நேரம் இல்லைன்னு முதலில் வெட்டுவது விளையாட்டைத்தான். இது எனக்குப் பெரிய வருத்தம்.

அதனால் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஆறு அங்குலச் சதுரங்கள் வெட்டி, ஒவ்வொன்றையும் மூன்று துண்டாக்கி, பதினைந்து துண்டுகளையும் கலந்து ஐந்து உறைகளில் போட்டு வைத்திருக்கிறேன். கூட்டமைப்பு அலுவலக பீரோவில் இருக்கு. வேண்டிய குழு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கலாம். திருப்பித் தரும்போது மட்டும் துண்டுகளை எண்ணிப் பார்த்துக் கொடுங்க.