எழுத்தும் ஞானமும்: அறபு எழுத்தோவியமும் அறபுத்தமிழும்

அறபு நாடுகளின் நவீன ஓவியத்திலே 'ஹுரூபிய்யா' எனப்படும் போக்கு கடந்த எழுபதாண்டுகளுக்கு மேலாக வளர்ந்து வந்துள்ளது. ஹுரூப் என்ற சொல் எழுத்துக்கள் எனப் பொருள்படும். ஈராக்கிய ஓவியரான மதீஹா உமர் 1949 இல் வாஷிங்டனில் அறபு எழுத்து வடிவங்களை அடிப்படையாகக் கொண்ட ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். 1971 இல் பக்தாதில் ஷாகிர் ஹசன் அல் சயீத் 'ஒற்றைப் பரிமாணம்' என்ற குழுவைத் தோற்றுவித்தார். நஜபிற் பிறந்து 1969 இற் பாரிஸ் சென்ற ஹசன் மசூதியும், அல்ஜீரியச் சூபிக் குடும்பமொன்றிற் பிறந்த ரஷீத் குரைஷியும் ரூமி, இப்னு அறபி முதலியோரின் வாக்குகளைக் கருவாகக் கொண்டு இயங்கினர். 2006 இல் இலண்டன் பிரித்தானிய நூதனசாலை இத்தகைய படைப்புக்களை ஒருங்கே காட்சிப்படுத்தியது.

இக்கலையை விளக்குவோர் பலர், காலங்கடந்த ஆன்மிகத்தின் வெளிப்பாடு என்று கூறி அமைந்துவிடுகின்றனர். காலங்கடந்தது எனப்படும் எதுவும் ஏதோவொரு காலத்தில், யாரோ சிலரின் உழைப்பாலும் தேவையாலும் தோன்றியதே. எழுத்து யாருக்காக எழுதப்பட்டது, யார் வாசித்தனர் என்ற வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும். அவ்வாறு எழுப்பும்போது இவ்விடயம் ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றுக்கு எத்துணை அண்மையது என்பது புலனாகும்.

அறபு வரிவடிவத்தின் அழகை விதிகளுக்குட்படுத்தியவர் என்று போற்றப்படும் இப்னு முக்லா அப்பாசிய அரசின் அமைச்சர். புள்ளியையும் அலிபையும் அளவுகோலாகக் கொண்டு அவர் வகுத்த ஒழுங்கு, பேரரசின் எழுத்துக்கூடங்களின் தேவையோடு இணைந்தது. அரசியற் சூழ்ச்சியில் வலக்கை துண்டிக்கப்பட்டு 940 இற் சிறையில் மாண்டார். அவருக்குச் சற்று முன்னர், 922 இல், அதே பக்தாதிற் கொலையுண்ட சூபி மன்சூர் ஹல்லாஜின் பெயர் பஞ்சு கொட்டுவோனைக் குறிப்பது. அத்தார் என்பது நறுமணப்பொருள் விற்போன் என்பதாகும். எழுத்துக்களிலே பிரபஞ்ச இரகசியத்தைக் கண்ட ஹுரூபி இயக்கத்தைத் தோற்றுவித்து 1394 இற் கொல்லப்பட்ட பஸ்லுல்லாஹ் தொப்பி தைத்துப் பிழைத்தவர். ஆவணத்துக்குரிய எழுத்தை மனித முகத்திலேயே வாசிக்கலாம் என்று அவர் வழியினர் கூறியபோது, எழுத்தின்மீது அரசு கொண்டிருந்த ஏகபோகம் கேள்விக்குள்ளாயிற்று. எழுத்தைப் பற்றிய சூபி ஞானத்தின் சமூக உள்ளடக்கத்தை இங்கேயே நாம் தேடவேண்டும்.

ஈழத்தில் அறபு வரிவடிவம் வணிகத்தோடு வந்தது. 1409 இற் பொறிக்கப்பட்டு 1911 இற் காலியிற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு கொழும்பு நூதனசாலையில் உள்ளது. அதில் சீனம் புத்தரையும், தமிழ் தேனவரை நாயனாரையும், அறபு எழுத்தில் அமைந்த பாரசீகம் அல்லாஹ்வையும் விளித்துக் காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன. இங்கு எழுத்துக்கள் அருகருகே நிற்கின்றன, ஒன்றோடொன்று கலக்கவில்லை.

அக்கலப்பை நிகழ்த்தியது அறபுத்தமிழ். தமிழை அறபு எழுத்தில் எழுதும் இம்முறையிலே, அறபியர் அறியாத ளகர ழகரங்களுக்கும் டகர ணகரங்களுக்கும், எகர ஒகர உயிர்களுக்கும், இருந்த வடிவங்களிற் புள்ளியும் குறியும் கூட்டிப் புதியன ஆக்கினர். ஓதற்பள்ளியில் அறபு எழுத்தைக் கற்றுத் தமிழ் நெடுங்கணக்கைக் கல்லாத மக்கள், குறிப்பாகப் பெண்கள், இதன்வழியே வாசகர் ஆயினர். கீழக்கரை செய்யிது முஹம்மது ஆலிம் புலவர் (1816-1898), மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று மக்கள் அறிந்தவர், ஈழத்தின் கரையோர ஊர்களிலே சூபித் தைக்காக்களை நிறுவினார். மார்க்க விளக்கமான 'பத்ஹுத் தய்யான்' என்ற நூலை அறபுத்தமிழில் எழுதினார். ஞானியும் சட்ட விளக்குநரும் ஒருவரேயாக இருந்தமை கவனிக்கத்தக்கது. ஐந்தெழுத்தில் அண்டத்தைக் கண்ட சித்தர் மரபையும் அலிபில் ஏகத்தைக் கண்ட சூபி மரபையும் அறிந்த தமிழ்ச் செவிக்கு இவ்வெழுத்து ஞானம் அந்நியமாகப் படவில்லை. குணங்குடி மஸ்தான் சாகிபு (1792-1838) போற்றப்பட்ட சூழல் அதுவே.

இவ்வெழுத்தின் அழகு நாணற்பேனா பிடித்த பிரதி செய்வோரின் அழகு. கல்லச்சு முறை வந்தபோதும் அக்கை மறையவில்லை. எழுதியவாறே கல்லிற் பதிந்து பெருகிற்று. ஈய அச்சு அதனை வென்றது. தமிழ் அச்செழுத்து மலிவாயிற்று. ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கு வழிகாட்டியது. அறிஞர் சித்திலெப்பை 1882 இற் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையும், 1885 இல் எழுதிய 'அசன்பேயுடைய கதை'யும் உருவாகி வந்த முஸ்லிம் மத்தியதர வர்க்கத்தின் குரல்கள். அவரே 'அஸ்ராறுல் ஆலம்' என்ற சூபி நூலையும் எழுதினார். சீர்திருத்தமும் ஞானமும் ஒருவரிடத்தில் முரண்பட்டும் கூடியும் நின்றன. எம் ஆய்வாளர் முதலாவதை விரித்துரைத்த அளவுக்கு இரண்டாவதை விரித்துரைத்தாரல்லர்.

அறபு நாடுகளில் குடியேற்ற ஆட்சி தளர்ந்த காலத்தே புதிய அரசுகளும் அவற்றின் ஓவியரும், ஐரோப்பிய அரூப ஓவியத்துக்கு எதிராகவும் அதன் துணையோடும், தேசிய அடையாளமொன்றை எழுத்திலே கண்டனர். இது இஸ்லாத்துக்கு மாத்திரம் உரிய நிகழ்வன்று. சென்னையில் கே. சி. எஸ். பணிக்கர் 1963 இல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்கி, வாசிக்க இயலாத எழுத்துக்களால் திரையை நிரப்பினார். பக்தாதிலும் சென்னையிலும் எழுத்து வாசிப்பிலிருந்து விடுபட்டே ஓவியமாயிற்று. அறபுத்தமிழோ வாசிப்பதற்கென்றே பிறந்தது. வாசிப்போரை இழந்தபோது அதனை ஏற்கக் கலைக்கூடம் எதுவும் இருக்கவில்லை.

இன்று ஒருகொடவத்தைச் சந்தியில், கொள்கலன் முற்றங்களுக்கு விரையும் லொறிகளின் கண்ணாடிகளிலே அச்சிட்டு ஒட்டப்பட்ட அறபு வாசகங்களைக் காணலாம். அதுவும் எழுத்தோவியமே, அதன் விலை சில ரூபாய். 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களின் பின்னர் இவ்வெழுத்தே ஐயத்துக்குரியதாயிற்று. பல ஊர்களில் அறபுப் பெயர்ப்பலகைகள் அகற்றப்பட்டன. வீட்டிலிருந்த நூல்களை எண்ணி அஞ்சியோர் பலர். ஐரோப்பிய நூதனசாலைகள் விலைகொடுத்து வாங்கும் அதே அலிபும் லாமும் இங்கு சான்றுப்பொருளாயின. பாட்டியார் பெட்டகத்திலே கிடக்கும் அறபுத்தமிழ் மாலையொன்றைச் சோதனையிடும் காவலர் அதனைத் தமிழ் என்று அறியார். அவரை மாத்திரம் குறைகூறுதல் நேர்மையாகாது. தமிழ் எழுத்து வரலாற்றைப் பிராமி, வட்டெழுத்து, கிரந்தம் என்ற வரிசையோடு முடித்துக்கொள்வது எமது வழக்கம். ம. மு. உவைஸ் 1953 இலும் தைக்கா ஷுஐப் ஆலிம் 1993 இலும் இத்துறைக்கு அடிகோலிய நூல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டனர். அந்நூல்களைப் படித்த தமிழ்ப் பட்டதாரிகளுள்ளும், மூலத்தின் ஒரு பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க வல்லோர் மிகச் சிலரே.