கட்சி படையான கதை

கொள்கை முற்போக்கானதாயின் கட்சியும் மக்களை விட்டு விலகாது என்று நம்மில் பலர் நம்பியிருந்தோம். ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியின் வரலாறு அந்நம்பிக்கையை உலுக்குகின்றது. 1980களின் தொடக்கத்தில் பத்மநாபா முதலியோர் அமைத்த இவ்வியக்கம், தமிழ்த் தேசியத்தை மார்க்சிய மொழியிற் பேசிற்று. வறியோரிடத்தும் ஒடுக்கப்பட்ட சாதியினரிடத்தும் வேரூன்ற முயன்றது. 1986 டிசெம்பரில் விடுதலைப் புலிகள் அதனை நசுக்கினர். அடுத்த ஆண்டு இலங்கை–இந்திய ஒப்பந்தத்தின் பின், இந்தியப் படையின் நிழலில் அது மீண்டும் தலையெடுத்தது.

1988 நவம்பரில் வடக்குக் கிழக்கு மாகாண சபைத் தேர்தல் வந்தது. வடக்கின் 36 இடங்களும் போட்டியின்றியே நிரம்பின. வாக்குச் சீட்டைக் கண்ணாற் காணாமலே வடபகுதி மக்கள் ஓர் ஆட்சியைப் பெற்றனர்! வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார். மக்கள் தெரிந்தெடுக்காத ஆட்சியைத் தாங்கி நிற்க துவக்கையன்றி வேறு எது உண்டு?

1989 யூனில் இந்தியப் படையை வெளியேறுமாறு ஜனாதிபதி பிரேமதாசா கோரினார். காவல் நீங்கும் நாள் நெருங்கவே, இந்திய ஆயுதங்களோடு தமிழ்த் தேசிய இராணுவம் அவசரமாக உருவாக்கப்பட்டது. ஆயுதம் வந்தது, அதை ஏந்த விரும்பி வந்தோர் சிலரே. ஆகவே ஆட்பிடி தொடங்கிற்று. அரியாலையிலிருந்து கண்டி வீதியால் சைக்கிளிற் சென்று யாழ் நகர் ரியூட்டரியிற் படித்துத் திரும்புவது எளிய பயணம். அந்த மாதங்களில் குடாநாட்டின் எந்த வீதியும் எளியதாயிருக்கவில்லை. தெருவிலும் பேருந்திலும் இளைஞர் பிடிக்கப்பட்டனர். பள்ளிச் சிறுவரும் தப்பவில்லை. பெற்றோர் பிள்ளைகளை ஒளித்து வைத்தனர். பாட்டாளியின் பெயரைச் சொல்லி வளர்ந்த கட்சி, பாட்டாளியின் மகனையே பிடித்துச் சென்றது.

1944 யூன் இறுதியில் முசோலினி தன் பாசிசக் கட்சியையே ஆயுதப் படையாக்கிக் ‘கறுப்புப் படையணிகள்’ அமைத்ததை இங்கு நினைக்கிறோம். கொள்கையால் இரண்டையும் ஒன்றெனல் அநீதி. ஆனால் மக்களை இழந்து, அந்நியப் படை சாய்ந்தால் தானும் சாயும் நிலையில் நின்றமை இரண்டுக்கும் பொது.

இந்தியப் படை அம்பாறையை விட்டு நீங்கியதும், 1989 இறுதியில், புலிகளின் தாக்குதலில் அச்சேனை சிதறிற்று. போரிட மனமற்ற பிள்ளைகள் ஓடினர், சரணடைந்தனர், மாண்டனர். அவர்கள் விட்ட ஆயுதங்கள் புலிகளின் கைக்குப் போயின. 1990 மார்ச் 1இல் முதலமைச்சர் ஈழப் பிரகடனம் செய்தார். சில நாட்களில் தலைவர்கள் இந்தியா சென்றனர். யூன் 19இல் பத்மநாபா சென்னையிற் புலிகளாற் கொல்லப்பட்டார்.

ஆட்பிடி அத்துடன் ஒழியவில்லை. இறுதிப் போரின் ஆண்டுகளில், 2009 வரை, வன்னியில் வீடு வீடாகச் சென்று வீட்டுக்கொருவரைக் கேட்டவர்கள் அதே புலிகள்தாம்.