47 என்று எண்ணியது யார்?

மனித உடலின் ஒரு செல்லில் எத்தனை குரோமோசோம் என்று இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் 46 என்று சட்டென்று சொல்லிவிடும். 1955 வரை உலகத்தின் எந்தப் பெரிய பேராசிரியரைக் கேட்டிருந்தாலும் 48 என்றுதான் சொல்லியிருப்பார். பெயின்டர் என்ற அமெரிக்கர் 1920-களில் எண்ணிச் சொன்ன கணக்கு அது. அவருக்குப் பின் வந்தவர்களும் 48 இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே எண்ணி 48 கண்டார்கள். முப்பது வருஷம் பாடப்புத்தகங்களில் அதுவே ஓடியது.

அவர்கள் மேல் குற்றமில்லை. செல்லுக்குள் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். 1950-களின் தொடக்கத்தில் டெக்சாஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில், செல்களைக் கழுவ வேண்டிய உப்புக் கரைசலில் யாரோ தவறுதலாகத் தண்ணீரைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டார்கள். செல்கள் தண்ணீரைக் குடித்து உப்பின, உள்ளே இருந்தவை தனித்தனியாக விரிந்து கிடந்தன. இந்த உத்தியைக் கொண்டுதான் 1955 டிசம்பரில், ஸ்வீடனின் லுண்ட் நகரில், ஜாவாவில் பிறந்த டிஜியோ என்பவர் எண்ணிப் பார்த்து 46 என்றார். லெவான் என்பவரும் அவரும் சேர்ந்து 1956-ல் அதை வெளியிட்டார்கள்.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த கதை. அது பாரிஸில் நடந்தது. பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அந்த நாட்டுச் செய்திகளை இன்றும் விடாமல் படிக்கிறேன். 2014-ல் இந்த விவகாரம் அங்கே பத்திரிகைகளில் அடிபட்டபோதுதான் என் கண்ணில் பட்டது.

1866-ல் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர், தன் பராமரிப்பில் இருந்த மனவளர்ச்சி குன்றியவர்களில் சிலர் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்போல ஒத்த முகம் கொண்டிருப்பதைக் கவனித்து எழுதினார். சற்றே சாய்ந்த கண்கள், தட்டையான முகம். எங்கோ இருக்கிற மங்கோலியரின் பெயரை அவர்களுக்கு வைத்தார். அந்தக் காலத்து வெள்ளைக்காரரின் இனப் பாகுபாட்டுப் பைத்தியம் அது. ஏன் இப்படிப் பிறக்கிறார்கள் என்பதற்கு, பெற்றோருக்கு இருந்த காசநோய் காரணமாயிருக்கலாம் என்றார். பின்னால் வந்தவர்கள் மேகநோய் என்றார்கள், குடிப்பழக்கம் என்றார்கள். எதைச் சொன்னாலும் பழி பெற்றவர்கள் தலையில், பெரும்பாலும் தாயின் தலையில் விழுந்தது. குழந்தையை வெளியே காட்டாமல் வளர்த்த குடும்பங்களும் விடுதியில் விட்டுவிட்டு மறந்த குடும்பங்களும் ஐரோப்பாவில் ஏராளம். கிரகணத்தைப் பார்த்தாள், அதனால்தான் என்று நம் தெருக்களில் பேசியதைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

1932-லேயே வார்டன்பர்க் என்ற டச்சு மருத்துவர் இது குரோமோசோம் கோளாறாக இருக்கலாமே, யாராவது எண்ணிப் பாருங்களேன் என்று எழுதியிருக்கிறார். பாரிஸில் ரேமோன் துர்ப்பேன் என்ற குழந்தை மருத்துவப் பேராசிரியருக்கும் 1930-களிலிருந்தே அந்தச் சந்தேகம் உண்டு. எண்ணத்தான் வழி இல்லை.

இங்கே மார்த் கொத்தியே வருகிறார். 1925-ல் பாரிஸுக்குக் கிழக்கே ஒரு சிறு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில், ஏழு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தவர். மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அக்கா போலேத் இருந்த பாரிஸுக்கு 1942-ல் வந்து தானும் சேர்ந்தார். 1944 ஆகஸ்டில், பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மன் படையினரால் அந்த அக்கா கொல்லப்பட்டார். தங்கை படிப்பை விடவில்லை. 1950-ல் பாரிஸ் மருத்துவமனைகளின் 'அன்தெர்னா' போட்டித் தேர்வில் தேறினார். தேறிய பெண்கள் மிகச் சிலரே. குழந்தைகளின் இதய நோயில் சிறப்புப் பயிற்சி பெற்று, 1955-ல் உதவித்தொகையில் ஒரு வருஷம் பாஸ்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் செல்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கிற வேலையையும் கற்றுக்கொண்டார். இதய மருத்துவருக்கு அது ஒரு கைவேலை, அவ்வளவுதான்.

திரும்பி வந்தவருக்கு த்ரூசோ மருத்துவமனையில், துர்ப்பேனின் பிரிவில் இடம் கிடைத்தது. 1956-ல் கோபன்ஹேகன் மாநாட்டில் 46 பற்றிக் கேள்விப்பட்டு வந்திருந்த துர்ப்பேன், செல் வளர்ப்பு இங்கே யாருக்கும் தெரியவில்லையே என்று அங்கலாய்த்தார். எனக்குத் தெரியும், ஓர் அறை கொடுத்தால் செய்கிறேன் என்றார் கொத்தியே. கிடைத்தது யாரும் பயன்படுத்தாத ஓர் ஆய்வுக்கூடம், ஒரு குளிர்பதனப் பெட்டி, ஒரு சென்ட்ரிஃபியூஜ், சுமாரான ஒரு நுண்ணோக்கி. பணம் இல்லை. கண்ணாடிப் பாத்திரங்களைத் தாமே கடன் வாங்கி வாங்கினார். செல் வளரக் கோழியின் ரத்தப் பிளாஸ்மா வேண்டும். அதற்காகச் சேவல் ஒன்றை வாங்கி வளர்த்தார். மனித சீரம் வேண்டும். அதற்குத் தம் கையிலிருந்தே ரத்தம் எடுத்துக்கொண்டார், செலவில்லை பாருங்கள். பிரெஞ்சு அறிவியலின் ஒரு பெரிய கண்டுபிடிப்புக்கு ஆன முதலீடு இதுதான்.

முதலில் நோயில்லாத குழந்தைகளின் திசுவில் எண்ணினார். அறுவை சிகிச்சையின்போது கிடைத்த சிறு துணுக்குகள்தான். 46 என்பது தம் கையிலும் சரியாக வருகிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்த வேலை. இந்த இடம் எனக்குப் பிடித்த இடம். அவசரப்பட்டிருந்தால் 48-காரர்களின் கதை மறுபடி நடந்திருக்கும். பிறகு நோயுள்ள ஒரு குழந்தையின் திசுவுக்காகப் பல மாதங்கள் காத்திருந்தார். 1958 மே மாதம் வந்தது. எண்ணினால் 47. ஒவ்வொரு செல்லிலும் ஒரு சின்னத் துணுக்கு கூடுதல்.

அவருடைய நுண்ணோக்கியில் படமெடுக்க வசதியில்லை. அதே பிரிவில் ஜெரோம் லெஜேன் என்ற இளம் ஆராய்ச்சியாளர் இருந்தார். லெஜேன் என்றால் பிரெஞ்சில் 'இளையவர்' என்று பொருள். இந்தக் குழந்தைகளின் உள்ளங்கை ரேகைகளை துர்ப்பேனுடன் சேர்ந்து ஆராய்ந்தவர். கொத்தியேயின் ஆய்வுக்கூடத்துக்கு அடிக்கடி வந்து பார்ப்பார். வேறிடத்தில் படமெடுத்துத் தருகிறேன் என்று சொல்லி ஜூன் மாதம் கண்ணாடித் தகடுகளை வாங்கிச் சென்றார். படங்கள் எங்கே என்று கேட்டபோதெல்லாம் அவை பெரியவரிடம் இருக்கின்றன என்று பதில் வந்ததாகக் கொத்தியே 2009-ல் 'மெத்சின்-சியான்ஸ்' என்ற இதழில் எழுதியிருக்கிறார். அந்த இலையுதிர் காலத்தில் லெஜேன் கனடாவின் மான்ட்ரியலில், மக்கில் பல்கலைக்கழகத்தில் இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசினார்.

1959 ஜனவரி 26-ஆம் தேதி பாரிஸ் அறிவியல் அகாதெமியில் குறிப்பு தாக்கலானது. பெயர்கள் இந்த வரிசையில் இருந்தன: முதலில் லெஜேன், நடுவில் கொத்தியே, கடைசியில் துர்ப்பேன். அறிவியல் கட்டுரைகளில் முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் பிரிவுத் தலைவருடையது என்பது மரபு. நடுவில் வருவது உதவி செய்தவர். போதாக்குறைக்கு நடுப்பெயரில் எழுத்துப் பிழை வேறு. இல்லாத ஒரு 'ஆஷ்' எழுத்தைச் சேர்த்து அச்சிட்டிருந்தார்கள். ஒரு எழுத்து மாறினால் என்ன பாடு என்று பிரெஞ்சுப் பென்சன் வாங்குகிற நம்மூர்க் குடும்பங்களிடம் கேளுங்கள், மணிக்கணக்கில் சொல்வார்கள். மார்ச் மாதம் ஒன்பது குழந்தைகளின் கணக்குடன் அடுத்த கட்டுரை வந்தது. ஏப்ரலில் எடின்பரோவிலிருந்து பெட்ரீஷியா ஜேக்கப்ஸ் குழுவினர் அதையே உறுதிசெய்தார்கள். இங்கிலாந்துக்காரர்கள் முந்திவிடுவார்களோ என்ற பயம் பாரிஸில் இருந்திருக்கிறது. அவசரத்துக்கு அது ஒரு காரணம்.

கண்டது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நமக்குத் தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 குரோமோசோம்கள் வருகின்றன. கரு முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஒவ்வொரு ஜோடியும் பிரிந்து, ஆளுக்கொன்றாகப் போகவேண்டும். 21-ஆம் ஜோடி சில சமயம் பிரியாமல் ஒட்டிக்கொண்டே போய்விடுகிறது. பிறக்கும் குழந்தைக்கு அது மூன்றாகிவிடும். அதனால்தான் 'திரிசொமி 21' என்ற பெயர். பெரும்பாலும் இது நடப்பது முட்டையில். பெண்ணின் முட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே பிரியத் தொடங்கி, பாதியில் நின்று, பல பத்தாண்டுகள் காத்திருக்கின்றன. வயது ஏற ஏறப் பிசகும் வாய்ப்பு கூடுகிறது. இருபதுகளில் பெறுகிறவர்களுக்கு ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு, நாற்பதில் சுமார் நூற்றுக்கு ஒன்று. ஆனால் இளம் தாய்மார்களுக்கும் பிறக்கும். மிகச் சில குடும்பங்களைத் தவிர, இது பரம்பரையாக வருவதில்லை. குரோமோசோம் சமாச்சாரம் என்றாலே வம்சத்தில் ஓடுவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம், அது இங்கே பொருந்தாது. தாய் சாப்பிட்டதோ பார்த்ததோ அழுததோ காரணமில்லை. தொண்ணூறு வருஷப் பழி ஒரு கண்ணாடித் தகட்டில் தீர்ந்தது. பெயரும் மாறியது. 1961-ல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் 'லான்செட்' இதழுக்குக் கடிதம் எழுதி, மங்கோலியப் பெயரைக் கைவிடக் கேட்டார்கள். 1965-ல் மங்கோலிய நாடே உலக சுகாதார நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டது.

கொத்தியே இந்தத் துறையைவிட்டு விலகினார். குழந்தைகளின் இதயத்துக்குத் திரும்பி, பிறகு பிசேத்ர் மருத்துவமனையில் குழந்தைகளின் ஈரல் நோய் ஆராய்ச்சியில் பல வருஷம் உழைத்தார். லெஜேன் உலகப் புகழ் பெற்றார். 1962-ல் கென்னடி அறக்கட்டளையின் பரிசை அமெரிக்க ஜனாதிபதியே கொடுத்தார். 1964-ல் பாரிஸில் மரபியல் பேராசிரியர் பதவி வந்தது.

லெஜேனை வெறும் வில்லனாக எழுத எனக்கு மனம் வரவில்லை. 'பூனைக் குரல்' நோயின் காரணத்தை 1963-ல் கண்டவர் அவர்தான். ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பெயர் சொல்லி அழைத்து வைத்தியம் பார்த்தவர், பெற்றோரின் குற்ற உணர்வைப் போக்கியவர். அவருக்கு நேர்ந்த சோதனையும் சாதாரணமில்லை. தாயின் பனிக்குட நீரை எடுத்து, கருவின் குரோமோசோமை எண்ணும் பரிசோதனை 1960-களின் கடைசியில் வந்தது. மூன்று இருந்தால் கருவைக் கலைத்துவிடலாம் என்றார்கள். தீவிர கத்தோலிக்கரான அவர் 1969-ல் சான்பிரான்சிஸ்கோவில், தமக்கு விருது கொடுத்த மரபியலாளர் சபையிலேயே அதை எதிர்த்துப் பேசினார். சக விஞ்ஞானிகள் பலர் ஒதுங்கினார்கள். தம் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிற கண்டுபிடிப்பே தாம் நேசிக்கிற பிள்ளைகள் பிறக்காமல் செய்யப் பயன்படுகிறது என்ற வேதனையோடு, 1994 ஈஸ்டர் நாளன்று இறந்தார். 2021-ல் வத்திக்கான் அவரை 'வணக்கத்துக்குரியவர்' என்று அறிவித்தது.

ஆனாலும் கணக்கு கணக்குதான். நான் வேலை பார்த்த காலத்தில் கோப்பில் குறிப்பு எழுதுகிறவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிறவர் இன்னொருவர். அதில் தவறில்லை, பொறுப்பு கையெழுத்துக்காரருடையது. ஆனால் குறிப்பின் கீழே எழுதியவரின் சுருக்கொப்பம் இருக்கும், அதை யாரும் அழிப்பதில்லை.

2014 ஜனவரி 31-ஆம் தேதி போர்தோ நகரில், பிரெஞ்சு மனித மரபியல் கூட்டமைப்பு 88 வயது கொத்தியேவுக்குப் பதக்கம் அளித்து, அவர் தம் கதையைப் பேச ஏற்பாடு செய்திருந்தது. லெஜேன் பெயரில் இயங்கும் அறக்கட்டளை நீதிமன்ற அனுமதியோடு, பேச்சைப் பதிவு செய்ய 'உய்சியே'க்களை அனுப்பியது. நம் பாஷையில் கோர்ட்டு அமீனா. வழக்கு வருமோ என்று அஞ்சிய அமைப்பாளர்கள் பேச்சையே ரத்து செய்துவிட்டு, பதக்கத்தைத் தனியாகக் கொடுத்தார்கள். கூடுதல் குரோமோசோமை எண்ணியவர் லெஜேன்தான், அவருடைய ஆய்வு நோட்டும் கடிதங்களும் அதற்குச் சாட்சி என்பது அறக்கட்டளையின் வாதம். அதே வருஷம் பிரான்சின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான இன்செர்மின் நெறிக்குழு இதை ஆராய்ந்தது. செல் வளர்ப்பு இல்லாமல் இந்தக் கண்டுபிடிப்பு நடந்திருக்காது என்றும், அதில் லெஜேனின் பங்கு மேலோங்கியதாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு என்றும், அதை உலகறியச் செய்ததில்தான் அவர் பங்கு பெரிது என்றும் கருத்துச் சொன்னது. முன்பு லெஜியோன் தொனேர் விருதை மறுத்த கொத்தியே, அந்த வருஷம் ஏற்றுக்கொண்டார்.

இப்போது தாயின் கையிலிருந்து சிறிது ரத்தம் எடுத்தாலே போதும். அதில் மிதக்கும் குழந்தையின் டி.என்.ஏ. துணுக்குகளைக் கொண்டு 21-ஆம் குரோமோசோம் கூடுதலா என்று பார்த்துவிடுகிறார்கள். ஹாங்காங்கின் டென்னிஸ் லோ 1997-ல் கண்டு சொன்ன வழி அது. இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். இதய அறுவை சிகிச்சை வளர்ந்த நாடுகளில் இன்று பலர் அறுபது வயது வரை வாழ்கிறார்கள்.

கொத்தியே அம்மையார் 2022 ஏப்ரல் 30-ஆம் தேதி, 96-வது வயதில் காலமானார். பத்திரிகைகள் இந்த முறை பெயரைச் சரியாகவே எழுதின, 'ஆஷ்' இல்லாமல்.