ஒரு மூச்சுக் காற்றின் எடை

போன வாரம் ஓபியில் ஒரு ரிடயர்டு கணக்கு வாத்தியார் மனைவியோட வந்தார். பிபி மாத்திரை வாங்க வர்றவர்தான். பையன் லடாக் டூருக்கு டிக்கெட் போட்டுட்டானாம். "டாக்டர், லேல ஆக்சிஜன் கம்மின்னு சொல்றாங்களே, எத்தனை பர்சென்ட் இருக்கும்?"

"இங்க எவ்வளவோ அதே 21 பர்சென்ட்தான் சார்" என்றேன்.

"அப்புறம் ஏன் மூச்சு வாங்குது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பின்னாடி நாற்பது பேர் நின்றதால் சுருக்கமாகச் சொல்லி அனுப்பினேன். முழு பதில் இங்கே. கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நீங்க இருக்கிற ரூம் பத்துக்குப் பத்து, உயரமும் பத்து அடின்னு வைங்க. அதுக்குள்ள இருக்கிற காற்றின் எடை எவ்வளவு? பெரும்பாலானவங்க "கிராம் கணக்குல இருக்கும்"னு சொல்வாங்க. உண்மையில் சுமார் 33 கிலோ. ஒரு அரிசி சிப்பத்தை விட அதிகம். கடல் மட்டத்தில், 30 டிகிரி வெயிலில், ஒரு கன மீட்டர் காற்று கிட்டத்தட்ட 1.16 கிலோ எடை இருக்கும். அந்த ரூமில் 28 கன மீட்டருக்கு மேல் காற்று இருக்கு. பெருக்கிப் பாருங்க.

இது சுலபமா கிடைச்ச எண் இல்லை. கலிலியோ 1638இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு குடுவைக்குள் காற்றை அழுத்தி ஏற்றி, தராசில் வைத்து எடை போட்ட கதை வரும். தண்ணீர் காற்றைப் போல் சுமார் 400 மடங்கு கனம் என்று கணக்குப் போட்டார். சரியான விடை 800க்குப் பக்கம். பாதி தப்புதான். ஆனால் 'காற்றுக்கு எடை உண்டு' என்பதைத் தராசில் காட்டிவிட்டார், அந்தக் காலத்துக்கு அதுவே பெரிசு.

அவருடைய கடைசி நாட்களில் கூட இருந்தவர் தோரிச்செல்லி. ஒரு பக்கம் மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசத் தொட்டிக்குள் கவிழ்த்தால் அது முழுசா இறங்காமல் சுமார் 76 சென்டிமீட்டரில் நின்றுவிடும். தொட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்றின் எடைதான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது என்று 1644இல் ஒரு கடிதத்தில் எழுதினார். இன்னைக்கும் நாங்க உங்க பிபியை 130/80 என்று எழுதும்போது அதன் அலகு 'மில்லிமீட்டர் பாதரசம்' தான். மெஷின் டிஜிட்டல் ஆகிடுச்சு, தோரிச்செல்லியின் குழாய் இன்னும் எங்க கேஸ் ஷீட்டை விட்டுப் போகலை.

ஆனால் ஊர் நம்பவில்லை. காற்றின் எடைதான் காரணம் என்றால் மேலே போகப் போக பாதரசம் இறங்கணுமே, அதை யார் பார்த்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் பிரான்சில் இருந்த பிளேஸ் பாஸ்கல். அவருக்கு உடம்பு சரியில்லை, மலையும் இருப்பது பாரிஸில் இல்லை. அதனால் கிளெர்மோன் ஊரில் இருந்த அக்கா வீட்டுக்காரர் ஃப்ளோரின் பெரியேவுக்குக் கடிதம் எழுதினார்: மாமா, உங்க ஊர் மலை மேல ஏறி அளந்து சொல்லுங்க.

மாமா அவசரப்படாத ஆள். பத்து மாதம் கழித்து, 1648 செப்டம்பர் 19ஆம் தேதி, ஊர்ப் பெரியவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். முதலில் அடிவாரத்தில் ஒரு மடத்துத் தோட்டத்தில் இரண்டு குழாய்களிலும் அளந்தார். இரண்டும் ஒரே உயரம். ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு பாதிரியாரை உட்கார வைத்து, "நாள் பூரா இதைப் பார்த்துக்கிட்டே இருங்க, ஏறுதா இறங்குதான்னு சொல்லுங்க" என்றார். இன்னொன்றை எடுத்துக்கொண்டு புய் த தோம் மலை உச்சிக்கு ஏறினார். அங்கே சிறு கோயிலுக்குள், வெட்டவெளியில், காற்றில், மூடுபனியில் என்று ஐந்து முறை அளந்தார். ஐந்து முறையும் ஒரே அளவு. கீழே பாதிரியாரின் குழாயில் நாள் முழுக்க அசைவே இல்லை.

மருத்துவ ஆராய்ச்சி படிக்கிறவங்களுக்கு இது புரியும். கீழே விட்டுவந்த அந்தக் குழாய்தான் 'கண்ட்ரோல்'. அது இல்லையென்றால் "அன்னைக்கு வானிலை மாறிடுச்சு, அதான் இறங்கிச்சு" என்று யாராவது சொல்லியிருப்பாங்க. இன்னைக்கு வாட்ஸ்அப்பில் "நான் சாப்பிட்டேன், எனக்குச் சரியாச்சு" என்று வரும் வைத்தியக் குறிப்புகளில் அந்தக் கீழ்க்குழாய் இருக்கான்னு தேடிப் பாருங்க.

பெரியேவின் அளவுகளை இன்றைய அலகில் சொன்னால், கீழே சுமார் 712 மில்லிமீட்டர், மேலே 627. வித்தியாசம் கிட்டத்தட்ட 85 மில்லிமீட்டர் பாதரசம். இதை வைத்து நாமே காற்றின் அடர்த்தியைக் கணக்குப் போடலாம், கால்குலேட்டர் எடுங்க.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 85 மில்லிமீட்டர் உயரத்துக்குப் பாதரசம் நின்றால் அதன் எடை சுமார் 1,150 கிலோ. அவர் ஏறிய உயரம் ஏறக்குறைய 1,060 மீட்டர். அதாவது ஏறும்போது தலைக்கு மேலிருந்து கழிந்துபோன 1,060 மீட்டர் உயரக் காற்றுத் தூணின் எடைதான் அந்த 1,150 கிலோ. வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு 1.08 கிலோ. அந்த உயரத்துக் காற்றுக்கு இன்றைய கருவிகள் சொல்வது சுமார் 1.1. ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு மலை, பொறுமையான ஒரு மாமா. அவ்வளவுதான் செலவு.

இன்றைக்கு மலை ஏறத் தேவையில்லை, ஒரு சின்ன வாய்ப்பாடு போதும். அழுத்தத்தை பாஸ்கல் அலகில் எடுத்துக்கோங்க (ஆமா, அதே பாஸ்கல்தான்). வெப்பநிலையுடன் 273ஐக் கூட்டி, 287ஆல் பெருக்கி, அதனால் அழுத்தத்தை வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். கடல் மட்டத்தில் 1,01,325 பாஸ்கல், 30 டிகிரி. போட்டுப் பாருங்க, 1.16 வரும். இது உலர்ந்த காற்றுக்கு. புழுக்கமான நாளில் "காத்தே கனமா இருக்கு" என்கிறோம் இல்லையா, உண்மையில் அன்றைக்குக் காற்று ஒரு சதவீதம் போல லேசாகத்தான் இருக்கும். நீராவி மூலக்கூறு நைட்ரஜன், ஆக்சிஜனை விட இலகுவானது. கனமா தெரிவது காற்று இல்லை, காயாத வியர்வை.

சரி, வாத்தியார் கேள்விக்கு வருவோம்.

மலையேறினவர்களுக்கு ஏன் தலை சுற்றுகிறது என்பதற்கு 19ஆம் நூற்றாண்டில் விதவிதமான விளக்கங்கள் இருந்தன. உடம்பை அழுத்திப் பிடித்திருந்த காற்றின் பாரம் குறைவதால் ரத்தக் குழாய்கள் தளர்கின்றன என்பது அதில் ஒன்று. மெக்சிகோ மேட்டு நிலத்தில் வேலை பார்த்த ஜூர்தனே என்ற பிரெஞ்சு டாக்டர் மட்டும், அங்கே இருப்பவர்களுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது என்று எழுதினார். நிரூபிக்கக் கருவி வேண்டுமே. அவர் பண உதவி செய்ய, பாரிஸில் பால் பெர்ட் என்ற உடலியல் பேராசிரியர் இரும்பு அறைகள் கட்டினார். பம்பு வைத்து அறையின் அழுத்தத்தைக் குறைக்கலாம், ஆக்சிஜனைக் கூட்டலாம்.

பெர்ட் சிட்டுக்குருவிகளை வைத்துப் பார்த்தார், தானே உள்ளே போயும் உட்கார்ந்தார். அழுத்தத்தைக் குறைத்தால் மயக்கம். அதே குறைந்த அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்தால் தெளிவு. பாரம் குறைவது பிரச்சினையே இல்லை. காற்று மெலிய மெலிய, ஆக்சிஜனுக்குரிய பங்கு அழுத்தமும் அதே அளவு மெலிகிறது. 21 சதவீதம் மாறுவதில்லை. எதில் 21 சதவீதம் என்பதுதான் மாறுகிறது.

இந்த அறையில் பயிற்சி எடுத்த இருவர் பலூன்காரர்கள்: சிவெல், குரோசே-ஸ்பினெல்லி. 1874இல் ஆக்சிஜன் பைகளோடு 7,000 மீட்டரைத் தாண்டிப் போய்ப் பத்திரமாக இறங்கினார்கள். அடுத்த வருடம் இன்னும் மேலே போக ஆசை. பலூன் பெயர் ஜெனித். மூன்றாவது ஆள் காஸ்தோன் திசாந்தியே. எடுத்துப் போகும் ஆக்சிஜன் அளவைக் கேள்விப்பட்ட பெர்ட், அது போதாது என்று கடிதம் எழுதினார். அவர் அப்போது பாரிஸில் இல்லை. கடிதம் வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது.

1875 ஏப்ரல் 15. பாரிஸிலிருந்து பலூன் கிளம்பியது. இருக்கிற ஆக்சிஜன் கொஞ்சம், அதனால் ரொம்பத் தேவைப்படும்போது எடுத்துக்கலாம் என்று சேமித்து வைத்திருந்தார்கள். நான் வருத்தப்படுவது இந்த இடத்தில்தான். தேவைப்படும்போது தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். தெரியாது. பிழைத்து வந்த திசாந்தியே பிறகு எழுதினார்: பயம் இல்லை, வலி இல்லை, உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஆக்சிஜன் குழாயை எடுக்கலாம் என்று நினைத்தபோது கை தூக்க வரவில்லை. 8,000 மீட்டர் தாண்டிட்டோம் என்று கத்த நினைத்தார், நாக்கு அசையவில்லை. மயங்கினார்.

இடையில் விழித்த குரோசே-ஸ்பினெல்லி, பாரத்தைக் குறைக்கக் கையில் கிடைத்ததை வெளியே வீசினார், பலூன் இன்னும் ஏறியது. திசாந்தியே மறுபடி கண் விழித்தபோது பலூன் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. கூடையில் இரு நண்பர்களும் இறந்து கிடந்தார்கள், வாயெல்லாம் ரத்தம்.

சீல் வைத்து எடுத்துப்போன கருவிகள் காட்டிய மிகக் குறைந்த அழுத்தம் 262 மில்லிமீட்டர். பயணத்தில் அவர் குறித்திருந்த குளிர் மைனஸ் 10 டிகிரி. நம்ம வாய்ப்பாட்டில் போடுங்க: ஒரு கன மீட்டருக்கு 0.46 கிலோ. சாதாரணமாக நாம் ஒரு மூச்சில் இழுப்பது அரை லிட்டர் காற்று. இங்கே அதன் எடை 0.58 கிராம். அந்தக் கூடையில் 0.23 கிராம். அதிலும் அதே 21 சதவீதம்தான் ஆக்சிஜன்.

அந்தச் 'சந்தோஷத்தை' நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2021 மே மாதம் வார்டில் விரலில் ஆக்ஸிமீட்டர் 70 காட்டும், நோயாளி போனில் வீட்டுக்காரங்களோட சிரித்துப் பேசிக்கிட்டிருப்பார். "எனக்கு ஒண்ணுமில்லை டாக்டர், பெட்டை வேற யாருக்காவது குடுங்க" என்று சொன்னவர்கள் உண்டு. நுரையீரல் நோய் வேறு, உயரம் வேறு. ஆனால் ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து சொல்ல வேண்டிய மூளையே முதலில் மந்தமாவது இரண்டிலும் நடக்கும். அதனால்தான் "நல்லாத்தான் இருக்கேன்" என்ற வார்த்தையை விட விரலில் மாட்டும் அந்தக் கிளிப்பை நாங்க நம்புவோம்.

லே நகரம் சுமார் 3,500 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மூன்று மூச்சு இழுத்தால்தான் இங்கே இழுக்கும் இரண்டு மூச்சுக்குச் சமம். உடம்பு இதற்குப் பழகும், ஆனால் நாள் எடுக்கும். டெல்லியில் காலையில் ஃப்ளைட் ஏறி ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இறங்கினால் பழக நேரம் ஏது?

வாத்தியாரிடம் சொன்னது இதுதான்: போய் இறங்கினதும் இரண்டு நாள் ரூமிலேயே ஓய்வு, மாடிப்படிகூட மெதுவா. குடி வேண்டாம். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் இன்னும் மேலே போகக் கூடாது, கூடினால் உடனே கீழே இறங்கணும். மாத்திரை உண்டு, எல்லாருக்கும் ஒத்துக்காது, கேட்காமல் வாங்கிப் போடாதீங்க. பையனிடம் சொல்லி முதல் இரண்டு நாள் சைட்சீயிங்கை கேன்சல் பண்ணச் சொல்லுங்க.

"காசு கட்டியாச்சே டாக்டர்" என்றார்.

நேற்று அந்த அம்மா மட்டும் வந்தாங்க, மாத்திரைக்கு. டிக்கெட்டை மாத்தி நாலு நாள் சேர்த்துட்டாங்களாம். "இவர்தான் ரெண்டு நாளா பேப்பர்ல என்னமோ வகுத்துக்கிட்டே இருக்காரு" என்றாங்க.